மளிகைக்கடை விதையில் மைக்ரோகிரீன்ஸ்: ஒரு மதுரை பால்கனிக் குறிப்பு

கடுகு, வெந்தயம், தனியா, பாசிப்பயறு, கொஞ்சம் கீரை விதை. மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கத் தொடங்க இவ்வளவு போதும். கீரை விதையைத் தவிர மற்றதெல்லாம் அடுக்களையிலேயே இருக்கிறது. ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று விற்கிற பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் ட்ரே, ஒரு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, ஒரு ஸ்பிரேயர், நாலைந்து விதைப் பொட்டலம் இருக்கும். அந்தப் பொட்டலத்துக் கடுகின் விலையைச் சொன்னால் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி மயக்கம் போட்டுவிடுவார். அதனால் நான் கிட் பக்கமே போகவில்லை. மதுரையில் மூன்றாம் மாடி வாடகை வீடு, கிழக்கு பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில். அங்கே எது வந்தது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

விஷயம் ரொம்ப எளிது. விதை முளைத்து, இரண்டு வித்திலையும் விரிந்து, முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கிற நேரத்தில் வேருக்கு மேலே கத்தரித்துச் சாப்பிடுகிறோம். முளைகட்டிய பயறை வேரும் விதையுமாக முழுசாகத் தின்கிறோம். இதில் தண்டும் இலையும் மட்டும்தான். பெயர் புதுசே தவிர பழக்கம் ஒன்றும் புதுசில்லை. மணல் ஒட்டிய வேரோடு குட்டிக் குட்டிக் கட்டாகச் சந்தையில் விற்கிற வெந்தயக்கீரை கிட்டத்தட்ட இந்தப் பருவத்தில் பிடுங்கியதுதான். மும்பையில் கடலோர மணலில் விதைத்து அதையே ‘சமுத்ர மேத்தி’ என்று விற்கிறார்கள்.

ட்ரேக்கு ஸ்வீட் கடை டப்பா போதும். ஒரு அடி நீளம், முக்கால் அடி அகலம், ஒரே அளவில் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றின் அடியில் கோணி ஊசியைச் சூடு காட்டி முப்பது நாற்பது ஓட்டை. இன்னொன்றில் ஓட்டை கிடையாது, அது கீழே. ஓட்டை போட்டதை அதற்குள் உட்கார வைத்தால், தண்ணீரைக் கீழ் டப்பாவில் ஊற்றிவிட்டு மேலே தொடாமல் இருக்கலாம். இந்த அடுக்கு ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது பூஞ்சைக் கதையில் வரும்.

கோகோபீட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 650 கிராம் கட்டியாகவும் 5 கிலோ கட்டியாகவும் வருகிறது. நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. கழுவாத சரக்கு என்றால் நாற்றின் இலை நுனி கருகும், சில விதை முளைக்கவே செய்யாது. கட்டியில் ‘லோ ஈசி’ என்று போட்டிருந்தால் கழுவி உப்பைக் குறைத்த சரக்கு என்று அர்த்தம். போடவில்லை என்றால் பக்கெட்டில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, பிழிந்த தண்ணீர் கரும்பழுப்பிலிருந்து வெளிறிய நிறத்துக்கு வரும்வரை கழுவ வேண்டும். கடைசியில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் இன்னும் பிழியணும். ட்ரேயில் ஒரு அங்குல உயரத்துக்கு நிரப்பி, உள்ளங்கையால் சமமாகத் தட்டினால் போதும். உரம் எதுவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது.

விதையில்தான் ஜாக்கிரதை. உரக்கடையில், நர்சரியில் வயலுக்கென்று விற்கும் விதை ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்தது. பாக்கெட்டிலேயே உணவுக்கோ தீவனத்துக்கோ கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். நிலத்தில் போட்டு மூன்று மாதம் கழித்து அறுப்பதற்கு அது சரி. ஒரு வாரத்தில் வெட்டித் தின்பதற்கு இல்லை. மளிகைக்கடைச் சாமானில் இந்தப் பயம் குறைவு, ஆனால் சரக்கு பழசாக இருக்கலாம். இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பதினாறு, பதினேழு முளைத்தால் வாங்கலாம். பச்சைப் பட்டாணியை ஊறவைக்கும்போது தண்ணீர் பச்சையாகச் சாயம் போனால் அப்படியே கீழே ஊற்றிவிட்டு வெள்ளைப் பட்டாணிக்கு மாறிவிடுங்கள்.

என் ட்ரே அளவுக்கு விதைக் கணக்கு இப்படி வந்தது: கடுகு 10 கிராம், கீரை விதை 5 கிராம், தனியா 20 கிராமுக்குள், வெந்தயம் 30, பாசிப்பயறு 60 முதல் 70, பட்டாணி 130 முதல் 150. விதை பக்கத்தில் விதை படலாம், விதை மேல் விதை ஏறக் கூடாது. நெருக்கிப் போட்டால் அதிகம் அறுக்கலாம் என்று தோன்றும். நெருக்கத்தில் காற்று புகாது, அடித்தண்டு அழுகும். கொஞ்சம் இடைவெளி விட்ட ட்ரேதான் எடையிலும் ஜெயிக்கிறது.

வெந்தயம், பயறு, பட்டாணி மூன்றையும் இரவு ஊறவைத்துக் காலையில் நன்றாக அலசிப் போடுகிறேன். கடுகுக்கும் கீரை விதைக்கும் ஊறல் வேண்டாம். நேராகத் தூவி ஒரு ஸ்பிரே. தனியா தனி ரகம். நாம் ஒரு விதை என்று நினைக்கிற உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையை மேலே லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, அரை நாள் ஊறவைத்துப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். அப்படியும் எட்டுப் பத்து நாள் கழித்துத்தான் தலை காட்டும். அறுவடைக்கு மூன்று வாரம். பொறுமை இல்லாதவர்கள் தனியாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, இருட்டும் பாரமும். எந்த வீடியோவைப் பார்த்தாலும் விதை தூவிய பிறகு மூடி, மேலே எடை வைக்கச் சொல்கிறார்கள். அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது வீடியோவில் இல்லை, ஊரில். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். ஓட்டையுள்ள சட்டியில் வைக்கோல் பரப்பி, எருவும் மண்ணும் போட்டு, ஊறவைத்த தட்டப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கம்பு, சோளம் எல்லாம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பயிர் பச்சை கட்டாது. வெளிர் மஞ்சளாக, ஒரு முழ உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். பல வருஷம் முளைப்பாரி போட்ட அப்பத்தாவிடம் போனில் என் ட்ரே பற்றிச் சொன்னேன்.

“ஏத்தா, எம்புட்டுத் தண்ணி விடுற?”

“காலையில, சாயங்காலம் ரெண்டு நேரமும் தெளிக்கிறேன் அப்பத்தா.”

“ஈரம் இருக்கணும்த்தா, தண்ணி இருக்கக் கூடாது. விரல வச்சா குளுகுளுன்னு இருக்கணும், விரல்ல ஒட்டக் கூடாது.”

எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

இருட்டில் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். நமக்கு வேண்டியதும் அதுதான். நீளம் இல்லாவிட்டால் கத்தரிக்கோல் கோகோபீட்டையும் சேர்த்துத்தான் வெட்டும். முளைப்பாரி கடைசிவரை இருட்டில் இருக்கும், நாம் மூன்றாம் நான்காம் நாளில் வெளியே எடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பாரத்தின் வேலை வேறு. பெரிய விதைகள் வேர் விடும்போது வேர் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக விதையையே மேலே தூக்கிவிடும். மேலே பாரம் இருந்தால் வேர் கீழேதான் போயாக வேண்டும். விதைத்தோலும் அந்த அழுத்தத்தில் கழன்றுவிடும். இன்னொரு காலி டப்பாவை விதைமேல் கவிழ்க்காமல் நேராக உட்கார வைத்து, அதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தேன். வெந்தயம் மூன்றாம் நாள் அந்த இரண்டு கிலோவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. டப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலெழுந்திருப்பதைப் பார்த்தால் பாட்டிலை எடுக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கீரை விதைக்குப் பாரம் வைக்காதீர்கள், தாங்காது. மூடி வைத்தால் போதும்.

மூடியை எடுத்ததும் பார்க்கிற காட்சி பலரைப் பயமுறுத்துகிறது. கடுகு, முள்ளங்கி இரண்டிலும் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பொசுபொசுவென்று படிந்திருக்கும். பூஞ்சை என்று நினைத்து ட்ரேயையே கொட்டியவர்கள் உண்டு. அது வேர்த்தூவி. சோதிக்க வழி சுலபம். ஸ்பிரேயரால் ஒரு முறை அடியுங்கள். வேர்த்தூவி என்றால் நனைந்து வேரோடு ஒட்டி மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப வரும். ஒவ்வொரு வேரிலும் ஒரே மாதிரி, வேரைச் சுற்றி மட்டும் இருக்கும். பூஞ்சை அப்படி இல்லை. விதைக்கு விதை சிலந்தி வலை மாதிரி இழை ஓடும், தண்ணீர் அடித்தாலும் மறையாது, ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஊசிய வாடை.

உண்மையான பூஞ்சை எனக்கு வந்தது ஐப்பசி மழையில், தனியாவில். நாலு நாள் வெயில் இல்லை, துணியே காயவில்லை, ட்ரே எப்படிக் காயும்? பிளந்த தனியாத் தோலில்தான் முதலில் பிடித்தது. கூடவே இருந்த கடுகு ட்ரேயில் வேறு கோளாறு: மேலே இலை நன்றாகத்தான் இருந்தது, அடித்தண்டு மண் மட்டத்தில் நூலாக இளைத்து, கொத்துக் கொத்தாகச் சாய்ந்தது. இதை நாற்றழுகல் என்பார்கள். மிளகாய், தக்காளி நாற்றங்காலில் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த நோய். பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் தேங்கிய ஈரத்தில் செய்கிற வேலை. தனியாவை மொத்தமாகக் கொட்டினேன். கடுகில் சாய்ந்த பகுதியைச் சுற்றி இரண்டு விரல் அகலம் சேர்த்து வெட்டி எறிந்தேன், மிச்சம் பிழைத்தது. ஆனால் பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்த ட்ரேயிலிருந்து எதையும் சாப்பிட வேண்டாம் என்பது என் கட்சி. ஐந்து ரூபாய் விதைக்கு வயிற்றைப் பணயம் வைப்பானேன்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் மூன்று விஷயம் மாறின. மூடி எடுத்த நாளிலிருந்து மேலே ஸ்பிரே கிடையாது. தண்ணீர் கீழ் டப்பாவில் மட்டும், அரை அங்குலம், இருபது நிமிஷத்தில் உறிஞ்சாததைக் கொட்டிவிடுவது. டேபிள் ஃபேன் குறைந்த வேகத்தில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். ஊறவைக்கும் முன் விதைக்கு ஒரு குளியல்: மருந்துக்கடையில் கிடைக்கிற 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் போட்டு, பிறகு நாலைந்து தண்ணீரில் அலசல். தண்ணீர் விட வேண்டுமா வேண்டாமா என்பதை ட்ரேயைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். கனமாக இருந்தால் வேண்டாம், இலேசாகிவிட்டால் விடலாம். இரண்டு ட்ரே வளர்த்தாலே கைக்குக் கணக்கு பிடிபட்டுவிடும்.

வெளிச்சம் பெரிய விஷயமே இல்லை. மூடியை எடுத்த நாள் மஞ்சளாக நிற்கும் நாற்று, மறுநாள் மாலைக்குள் பச்சையாகிவிடுகிறது. கிழக்கு வெயில் மூன்று மணி நேரம் தாராளம். வெயில் வராத வீடு என்றால் சாதாரண 20 வாட் எல்.இ.டி. டியூபை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு 12 மணி நேரம் எரிக்கலாம். ஒரு வாரத்துக்கு 1.7 யூனிட்கூட ஆகாது.

வெயில் அதிகம் என்பதுதான் மதுரைப் பிரச்சினை. சித்திரை, வைகாசியில் கடுகும் பட்டாணியும் வளர்ப்பது வீண் வேலை. மதியத்துக்குள் தலை தொங்கிவிடும், தண்ணீர் கூட்டினால் அழுகும். அந்த இரண்டு மாதத்துக்குச் சிவப்புத் தண்டுக்கீரை விதைதான் சரி. அது வெப்பத்துக்கே பிறந்த செடி. மற்றது வாடுகிற வெயிலில் இது நிமிர்ந்து நிற்கிறது. வெளிச்சம் கூடக் கூடத் தண்டின் சிவப்பு ஏறுகிறது. விதை பொடிசாக இருப்பதால் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மார்கழி, தை மாதத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம், எல்லாம் வரும்.

கடுகு ஏழெட்டு நாளில் அறுவடை, வெந்தயம் எட்டுப் பத்து நாள், பாசிப்பயறு ஏழு நாள், கீரை பன்னிரண்டு நாள் பக்கம். காலையில், இலையில் ஈரம் இல்லாதபோது வெட்டணும். ஈரத்தோடு வெட்டி டப்பாவில் அடைத்தால் மறுநாளே கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்த துணி விரித்த டப்பாவில் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். கழுவுவதைச் சாப்பிடுவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாலட் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தட்டில் பச்சையாகக் கொண்டுபோய் வைத்தால் யாரும் தொடப்போவதில்லை. தயிர்சாதத்தில் கடுகு நாற்றைப் பிசையாமல் மேலே தூவினேன், அது எல்லோருக்கும் பிடித்து நிலைத்துவிட்டது. மெல்லும்போது ஒரு நொடி ஒன்றும் தெரியாது, அப்புறம் சுரீரென்று மூக்கில் ஏறும், தயிர் வந்து அணைக்கும். ஆவக்காயில் அரைத்த கடுகு காரமாக ஏறுகிறது, தாளித்த கடுகு ஏறுவதில்லை, இல்லையா? அதே கணக்குதான் இங்கேயும். கடுகில் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினால், மென்றால் இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். சூட்டில் நொதி செத்துவிடும். அதனால் கடுகு நாற்றைக் கொதிக்கிற ரசத்தில் போட்டால் வெறும் புல். முள்ளங்கி நாற்றும் சூட்டில் இதே மாதிரி காரம் இழந்துவிடும்.

வெந்தயத்தைத் தோசையில்தான் தீர்க்கிறோம். மாவை ஊற்றியதும் ஒரு கைப்பிடி தூவி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போடாமல் மூடி வேகவைத்தால் கசப்பு மட்டுப்பட்டு வாசனை நிற்கும். முழுதாக வளர்ந்த வெந்தயக்கீரையை விடக் கசப்பு கம்மிதான், ஆனாலும் பச்சையாகப் பிள்ளைகள் தின்ன மாட்டார்கள். பாசிப்பயறு நாற்று கேரட் துருவல், தேங்காய், எலுமிச்சையோடு கோசுமல்லியில் சேர்கிறது. தனியா நாற்றை ரசம் இறக்கிய பிறகு மேலே தூவுகிறேன். சிவப்புக்கீரையை ஆம்லெட்டில் போடுகிறேன். ருசி பெரிதாக இல்லை, பார்க்க அழகு.

சத்துக் கணக்கு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2012-ல் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து 25 வகை மைக்ரோகிரீன்ஸைச் சோதித்தன. வளர்ந்த இலையோடு ஒப்பிட்டால் சில வைட்டமின்களும் கரோட்டினாய்டுகளும் 4 முதல் 40 மடங்கு வரை இருந்ததாக வந்த செய்தி அங்கிருந்து கிளம்பியதுதான். சிவப்பு முட்டைக்கோஸ், கொத்தமல்லி, தண்டுக்கீரை இனம், முள்ளங்கி நான்கும் ஒவ்வொரு சத்தில் முன்னால் நின்றன. ஆனால் நாம் தின்பது ஒரு கைப்பிடி. ஒரு கட்டு அரைக்கீரை மசியல் செய்கிற வேலையை இது செய்யாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், இதில் வைட்டமின் கே அதிகம் என்பதால், தினமும் தின்னத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சையாகத் தின்கிற எதிலும் கிருமிப் பயம் உண்டு. 2011-ல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் இறந்த ஈ.கோலை பரவலுக்குக் காரணம் வெந்தய முளை என்று கண்டுபிடித்தார்கள். விதை எகிப்திலிருந்து வந்தது. அது வேரோடு தின்கிற முளை. வெட்டித் தின்பதில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. நான் குடிக்கிற தண்ணீரைத்தான் ட்ரேக்கும் விடுகிறேன். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்களுக்கு என்றால் தோசையில் மூடி வேகவைத்தோ கொதிநீரில் முக்கி எடுத்தோ கொடுப்பது நல்லது.

முளைக்கிற எல்லாவற்றையும் தின்னலாம் என்றும் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வேண்டவே வேண்டாம். ராஜ்மா பச்சையாகக் கூடாது. சோளமும் கூடாது, இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். அந்த இளம் பயிரில் சயனைடு தரும் துரின் இருக்கிறது. முளைப்பாரியில் சோளம் போடுகிறார்களே என்றால், அது ஆற்றிலோ குளத்திலோ கரைக்க, தின்ன இல்லை.

வெட்டி முடித்த ட்ரேயில் மிஞ்சுவது வேர் பின்னிய ஒரு கோகோபீட் பாய். மறுபடி அதிலேயே விதைக்க ஆசை வரும். அழுகும் வேரில் பூஞ்சை காத்துக்கொண்டிருக்கும், வேண்டாம். பிய்த்துப் போட்டு ரோஜாத் தொட்டியில் கலந்துவிடுகிறேன். பட்டாணிக்கு மட்டும் விதிவிலக்கு: அடியில் ஒரு கணு விட்டு மேலே வெட்டினால் பக்கத்தில் துளிர்த்து இரண்டாவது அறுவடை கொடுக்கும். முதல் தடவை அளவுக்கு வராது, பாதி வரும்.